தீவுக்கு வந்த கல்வி – 9: சுவாவின் வுனிவைகள்

1879 மே 14. ஃபிஜியின் அன்றைய தலைநகரான லெவுக்காவை நெருங்கி வந்து நின்றது 'லியோனிடஸ்' என்ற பாய்மரக் கப்பல். கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்ட 460-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அதில் இருந்தார்கள். ஃபிஜி மண்ணில் கால்வைக்கவிருந்த முதல் இந்தியக் கூட்டம் அது. கூடவே காலராவும் பெரியம்மையும் வந்திருந்தன. கடல்வழியிலேயே சிலர் இறந்துபோயிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் கப்பலைப் பார்த்து நடுங்கினார்கள். அந்த நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், 1875 ஜனவரியில், ஃபிஜியின் பெருந்தலைவர் தக்கொம்பாவ் சிட்னி போய்விட்டு 'டைடோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஊர் திரும்பினார். தீவுகளைப் பிரிட்டிஷ் அரசிக்கு எழுதிக்கொடுத்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவரோடு வந்தவர்களிடம் தட்டம்மை இருந்தது. அவர்களை வரவேற்கத் தீவெங்கிலுமிருந்து தலைவர்கள் கூடினார்கள். ஊர் திரும்பும்போது நோயையும் கொண்டுபோனார்கள். அந்த நோயை முன்பின் கண்டிராத மக்கள் சில மாதங்களில் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். மொத்த மக்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். பல கிராமங்களில் பிணத்தைப் புதைக்கவும், பிழைத்துக்கிடந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. பசியிலும் தாகத்திலும் இறந்தவர்களும் உண்டு.

ஆகவே லியோனிடஸைக் கரைக்கு விடவில்லை. யனூசா லைலாய் என்ற சிறு தீவில் பயணிகளை ஒதுக்கிவைத்தார்கள். இந்தியக் கூலிகளில் மேலும் சிலர் அங்கேயே மண்ணானார்கள். ஆனால் பெரியம்மை ஃபிஜிக்குள் நுழையவில்லை. தலைமை வைத்தியராக இருந்த வில்லியம் மக்கிரகருக்கு அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கூலிக் கப்பல்கள் இனி ஆண்டுதோறும் வரும். அடுத்த கப்பலும் இப்படித் தடுக்கப்படும் என்று நம்பமுடியாது. மக்களுக்கு முன்கூட்டியே அம்மை குத்தியாக வேண்டும். நூற்றுக்கணக்கான தீவுகளுக்குப் படகில் போய் அம்மை குத்த ஐரோப்பியர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஃபிஜி இளைஞர்களுக்கே கற்றுக்கொடுப்பதைத் தவிர வழியில்லை.

அந்தத் தேவையிலிருந்துதான் 1885-ல், ஃபிஜியின் புதிய தலைநகரான சுவாவில், சுவா வைத்தியப் பள்ளி பிறந்தது. மக்கிரகர் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணைக் கூலியின் மகனாகப் பிறந்து மருத்துவம் படித்தவர். எளிய வீட்டுப் பிள்ளையாலும் கற்கமுடியும் என்பதைத் தன் வாழ்க்கையிலேயே அறிந்திருந்தார். அவருக்குப் பின் தலைமை வைத்தியரான போல்ட்டன் கார்னியின் காலத்தில் பள்ளி வேர்பிடித்தது. பள்ளி என்றதும் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். காலனி மருத்துவமனைதான் பள்ளி; வார்டுதான் வகுப்பறை. மூன்று ஆண்டுகள் கட்டுப்போட்டு, மருந்து கலந்து, அறுவையின்போது கைகொடுத்து, பிணப் பரிசோதனையைப் பார்த்து இளைஞர்கள் கற்றார்கள். முடித்தவர்களுக்கு அரசு தந்த பெயர் 'நேட்டிவ் மெடிக்கல் பிராக்டீஷனர்', சுதேச மருத்துவர். ஊர் மக்கள் அழைத்த பெயர் வுனிவை. ஃபிஜி மொழியில் 'வை' என்றால் தண்ணீர், மருந்தும்கூட. 'வுனி' என்பது அடிமரம், மூலம். மருந்துக்கு வேராக நிற்பவர் வுனிவை.

இதேபோன்ற ஒரு முயற்சி இன்னொரு தீவில், தமிழிலேயே, இதற்கு முன்பே நடந்திருந்தது. அமெரிக்க மிஷன் டாக்டரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூற்றியலையும் ரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். தமிழில் படித்த வைத்தியருக்கு அரசு வேலையும் நகரத்துச் சம்பளமும் எட்டாது, ஆகவே அவர் தம் கிராமத்திலேயே இருப்பார் என்பது கிரீனின் கணக்கு. சுவாவின் கதை முழுக்க இந்தக் கணக்கு நம்மோடு வரும்.

முதல் நாற்பது ஆண்டுகள் பள்ளி சின்னதாகவே இருந்தது. ஃபிஜி மக்களோ குறைந்துகொண்டே வந்தார்கள். 1881 குடிக்கணக்கில் 1,14,748 ஃபிஜியர்கள்; 1921-ல் 84,475. 1893-ல் இதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெரிய அறிக்கை தாய்மார்களின் பிள்ளை வளர்ப்பில் ஏராளமாகக் குறை கண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் மீதே பழியைப் போட்ட அந்தப் பக்கங்களை இன்றைக்கும் மனம் பதறாமல் படிக்க முடியாது. பசிபிக் தீவு மக்கள் அழிந்தே போவார்கள் என்பது அக்காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் பலரின் முடிவு. அழியப்போகிறவர்களுக்கு டாக்டர் பள்ளி எதற்கு என்ற எண்ணம் அதற்குள் மறைந்திருந்தது.

பிறகு 1918 வந்தது. ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட 'டலூன்' என்ற கப்பல் சுவாவைத் தொட்டு, நவம்பர் 7 அன்று மேற்குச் சமோவாவின் ஆப்பியாவை அடைந்தது. இன்ஃப்ளூயன்சா நோயாளிகள் கப்பலிலேயே இருந்தும் நியூசிலாந்து அதிகாரிகள் தடுக்கவில்லை. இரண்டு மாதங்களுக்குள் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கடலை மூடிவிட்டார்; அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்த மரணங்களுக்குப் பின், தீவுகளில் தீவுக்காரர்களே வைத்தியராக வேண்டும் என்ற பேச்சை ஒதுக்கித்தள்ள யாராலும் முடியவில்லை. பணம் மட்டும் இல்லை.

பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சர்வதேச சுகாதார வாரியம் 1913-ல் தொடங்கப்பட்டு, கொக்கிப்புழுவை எதிர்த்து உலகெங்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. தமிழர்களுக்கும் அது அந்நியமல்ல. 1916-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நம் கூலித் தொழிலாளர்களுக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுத்தவர்கள் இதே வாரியத்தார்தான். 1926-ல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைய உதவியவர்களும் அவர்களே. மனிதாபிமானத்தோடு ஒரு கணக்கும் அதில் கலந்திருந்தது. புழு ரத்தத்தை உறிஞ்சினால் கூலி சோர்ந்துபோவான். கூலி சோர்ந்தால் தோட்டம் நட்டப்படும்.

புழுவின் வழி எளியது. நோயாளியின் மலத்திலிருந்து முட்டைகள் ஈர மண்ணில் விழுந்து குஞ்சு பொரிக்கும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தில் ஏறி, நுரையீரல் தாண்டி, குடலில் பற்றிக்கொள்ளும். மருந்து கொடுத்தால் புழு விழும். கக்கூஸ் கட்டாவிட்டால் மறுபடி ஏறும். மருந்து ஒரு நாள் வேலை, கக்கூஸ் பத்தாண்டு வேலை. இதை நேரில் கண்டு உணர்ந்தவர் சில்வெஸ்டர் லாம்பர்ட். 1882-ல் பிறந்த அமெரிக்க டாக்டர். வாரியத்துக்காகப் பாப்புவாவில் வேலை செய்துவிட்டு 1920களின் தொடக்கத்தில் ஃபிஜி வந்தவர், 1939 வரை பசிபிக்கை விடவில்லை.

லாம்பர்ட் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற புது மருந்தைப் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்தார். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அது என்பதை இன்று அறிவோம். அன்றைக்கே சில உயிர்கள் பலியாயின. பிறகு வேறு மருந்துக்கு மாறினார்கள். அந்தத் துணிச்சலை அவர் தன் ஊர் ஆட்களிடம் காட்டியிருப்பாரா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஊர் ஊராகச் சுற்றியபோது அவர் வேறொன்றைக் கவனித்தார். தன்னோடு வந்த சுதேச மருத்துவர்கள்தான் வேலையை நடத்துகிறார்கள். தலைவரிடம் முறையாக, யங்கோனா என்ற சடங்குப் பானத்தின் கலயத்துக்கு முன் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் அவர்கள். எந்த வீட்டில் யார் நோயை மறைக்கிறார்கள் என்று அறிந்தவர்கள் அவர்கள். தான் கிளம்பிய பிறகும் அங்கே இருக்கப்போகிறவர்களும் அவர்களே. லாம்பர்ட் 1941-ல் வெளியிட்ட நினைவு நூலில் மலகாய் என்ற ஃபிஜி வைத்தியர் திரும்பத் திரும்ப வருகிறார். அந்த நூலில் அக்காலத்து வெள்ளையரின் மேட்டிமைத் தொனி நிறையவே உண்டு. மலகாயைப் பற்றி எழுதும் இடங்களில் அது மதிப்புக்கு வழிவிட்டு விலகிக்கொள்கிறது.

ஒவ்வொரு காலனிக்கும் தனிப் பள்ளி கட்டுப்படியாகாது. சுவாவில் ஒரே பள்ளி, எல்லாத் தீவுகளுக்கும் பொதுவாக: இதுதான் லாம்பர்ட் வருடக்கணக்கில் அதிகாரிகளிடம் வாதாடிய திட்டம். ராக்ஃபெல்லர் பணத்தில் பள்ளியை விரிவாக்குவது, ஒவ்வொரு தீவு நிர்வாகமும் தன் மாணவர்களின் செலவை ஏற்பது. எதிர்ப்பு ஐரோப்பிய டாக்டர்களிடமிருந்தே வந்தது. தீவுக்காரனால் இவ்வளவு கற்க முடியாது என்றார்கள் சிலர். கற்றுவிட்டால் நம் தொழில் என்னாகும் என்ற பயம் சிலருக்கு. ஒரே வாயில் இரண்டையும் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.

1928 இறுதியில் மத்திய வைத்தியப் பள்ளி திறந்தது. அருகில் ஐந்தாண்டுகளுக்கு முன் கட்டிய போர் நினைவு மருத்துவமனை. தொங்கா, சமோவா, குக் தீவுகள், கில்பர்ட்-எல்லிஸ் தீவுகள், சாலமன் தீவுகள் என்று கப்பல் கப்பலாக மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, ஆங்கிலமே பொது. யாழ்ப்பாணத்தில் கிரீன் எடுத்த வழியை இங்கே எடுக்க முடியாமல்போனது இதனால்தான். படிப்பு 1931 முதல் நான்கு ஆண்டாயிற்று. பள்ளியை நடத்தியவர் டேவிட் ஹூட்லெஸ். ஃபிஜிக்கு வாத்தியாராக வந்து, பிள்ளைகளுக்குக் கற்பித்து, பிறகு தாமே மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பியவர். டாக்டர்களில் நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆசிரியரே டாக்டராகிவந்தது அந்தப் பள்ளியின் பேறு.

படித்து முடித்தவர் ஊர் திரும்பினார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் திட்டங்களின் வரலாறுகளில் இந்தப் பகுதி எப்போதும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பவளத் தீவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு காலை நடை. சில மாதங்களுக்கு ஒருமுறைதான் அரசுப் படகு. ஓலைக் கூரை போட்ட ஒரு மருந்தகம், ஒரு பெட்டி மருந்து. இருபத்தைந்து வயதுகூட ஆகாத இளைஞர். பிறப்பு இறப்பைப் பதிவது அவர் வேலை. கிணற்றைப் பார்ப்பது, கக்கூஸ் வெட்டச் சொல்வது, இலங்கையில் பறங்கி நோய் என்றழைத்தார்களே அந்த யாஸ் புண்ணுக்கு ஊசி போடுவது, நடுராத்திரியில் பிரசவம் பார்ப்பது, உடைந்த காலுக்குக் கட்டுப் போடுவது எல்லாமே அவர்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு டாக்டர் நூறு மைல் கடலுக்கு அப்பால்.

அந்தத் தனிமையை உடைக்கத்தான் 1930 முதல் சுவாவிலிருந்து 'தி நேட்டிவ் மெடிக்கல் பிராக்டீஷனர்' என்ற இதழ் வந்தது. தீவுகளில் சிதறிக்கிடந்த பழைய மாணவர்கள் தாம் கண்ட நோயை, செய்த சிகிச்சையை அதில் எழுதினார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டு மறந்துவிடும் பயிற்சித் திட்டங்கள் எத்தனையோ. படித்துப்போனவன் தொடர்ந்து எழுதவும் படிக்கவும் ஒரு தாள் அச்சடித்து அனுப்பிய திட்டம், எனக்குத் தெரிந்து, மிகக் குறைவு. சாலமன் தீவுகளின் சாந்தா இசபெல்லைச் சேர்ந்த ஜார்ஜ் பொகெசெ அந்தப் பள்ளியில் படித்தவர். தன் தீவின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையை 1948-ல் 'ஓஷியானியா' ஆய்விதழ் வெளியிட்டது. 'சுதேச' என்ற முன்னொட்டோடு சான்றிதழ் வாங்கியவர்களின் மனம் எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அந்த முன்னொட்டுதான் வலித்தது. பழைய சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. டாக்டர்களை நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். ஊருக்கு அவர்தான் டாக்டர்; எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு அவர் ஒரு படி கீழ். சுவாவில் அந்தப் படி இனத்தால் அமைந்தது. ஐரோப்பிய அதிகாரியின் கீழ்தான் சுதேச மருத்துவர் வேலை பார்க்க வேண்டும். சம்பளத்தில் பெரிய இடைவெளி. அவருடைய சான்றிதழ் தீவுகளுக்கு வெளியே எங்கும் செல்லாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 'சுதேச' போய் 'உதவி' வந்தது, உதவி மருத்துவர். யாருக்கு உதவி? அவர் இருந்த தீவில் அவரைத் தவிர டாக்டரே இல்லை.

ஆனாலும் அவர்கள் இருந்த தீவுகளில் குழந்தைகள் பிழைத்தன. அழிவார்கள் என்று தீர்ப்பிடப்பட்ட ஃபிஜியர்கள் 1936 குடிக்கணக்கில் 97,000-ஐத் தாண்டினார்கள். அந்த ஏற்றம் வைத்தியர்களால் மட்டும் வந்ததல்ல. நோய்களைத் தாங்கும் சக்தி வளர்ந்ததும், அதே மருத்துவமனையில் பயின்ற செவிலியர் கிராமங்களுக்குப் போனதும் சேர்ந்தே வேலை செய்தன. பள்ளியில் படித்த ஃபிஜியரான மக்கு சலாட்டோ பின்னாளில் சுவாவின் மேயரானார்; 1970களில் தென் பசிபிக் ஆணையத்துக்கே பொதுச் செயலாளரானார்.

1961-ல் பள்ளி ஃபிஜி மருத்துவப் பள்ளி என்று பெயர் மாறியது. 1980களில் எம்.பி.பி.எஸ். பட்டம் வந்தது. நூறு ஆண்டு அவமானம் தீர்ந்த நாள் அது என்றே நான் கருதுகிறேன். இனி இவர்கள் யாருக்கும் உதவி அல்ல. ஆனால் அரைச் சான்றிதழ் பூட்டிவைத்திருந்த கதவையும் அந்தப் பட்டமே திறந்துவிட்டது. 1987 மே 14 அன்று, லியோனிடஸ் வந்து சரியாக 108 ஆண்டுகள் கழித்து, ஃபிஜியில் ராணுவக் கவிழ்ப்பு நடந்தது. இந்திய வம்சாவளி டாக்டர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கிரீன் அன்றைக்குப் போட்ட கணக்கு இங்கே கொடூரமாகச் சரியாகிவிட்டது. போக வழியில்லாதவரைத்தான் ஊர் வைத்துக்கொள்ள முடிந்தது.

அதற்காக வழியை அடைத்துவைப்பது நியாயமா? நியாயமில்லை என்றே சொல்வேன். ஒருவரை அவர் படிப்பைக் குறைத்துக் கட்டிப்போடுவது உதவி ஆகாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் கற்பிப்பதும், கண் முன்னே கற்பிப்பதும் ஒன்றல்ல என்பதை மைக்ரோனேசியா காட்டியது. அங்கிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியவர்களில் டாக்டராகித் திரும்பியவர்கள் சிலரே. ஆகவே 1986-ல் அமெரிக்க அரசின் நிதியில் ஹவாய் பல்கலைக்கழகம் பொன்பெ தீவிலேயே ஒரு பயிற்சியைத் தொடங்கியது. பழைய சுவா முறைதான்: உள்ளூர் மருத்துவமனை, உள்ளூர் நோயாளி, உள்ளூர் நோய். பத்தாண்டில் சுமார் 70 பேர் தேறினார்கள். பெரும்பாலோர் தங்கள் தீவுகளில் இருந்தார்கள். 1996-ல் அந்தப் பயிற்சி முடிவுக்கு வந்தது. உதவிப் பணத்துக்கு எப்போதும் ஒரு கடைசித் தேதி உண்டு, நோய்க்குக் கிடையாது.

அடுத்து வந்த கை யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து நீண்டது. 2000களின் இரண்டாம் பாதியில் கியூபா தன் மருத்துவக் கல்லூரிகளில் சாலமன் தீவுகள், வனுவாட்டு, துவாலு, நவ்ரு, கிரிபாஸ் மாணவர்களை இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. வரைபடத்தில் கிரிபாட்டி என்று எழுதியிருக்கும் நாட்டை அதன் மக்கள் கிரிபாஸ் என்றே சொல்கிறார்கள். அந்த மாணவர்கள் உலகத்தின் மறுபாதிக்குப் போய், முதலில் ஸ்பானிஷ் கற்று, பிறகு மருத்துவம் கற்றார்கள். ஊர் திரும்பியபோது முழுப் பட்டம் கையில் இருந்தது. தம் மருத்துவமனையில் கைப்பழக்கம்தான் போதவில்லை. கிரிபாஸின் தரவா தீவில் உள்ள துங்காரு மத்திய மருத்துவமனையில் அவர்களுக்குத் தனியாக உள்ளுறைப் பயிற்சி வைத்தார்கள். மேற்பார்வைக்குச் சுவாவிலிருந்து உதவி வந்தது. 1885-ல் அம்மை குத்தக் கற்றுக்கொடுத்த அதே பள்ளி, இப்போது ஃபிஜி தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

துங்காரு மருத்துவமனையிலிருந்து மேற்கே போனால், தீவுத் தொடர் முடிகிற இடத்தில் பெத்தியோ. அங்கே 1967-ல் இன்னொரு பள்ளி திறந்தது: தலைமுறை தலைமுறையாக நட்சத்திரம் பார்த்துப் படகோட்டிய மக்களுக்கு, அந்நியக் கப்பல்களில் மாலுமி வேலை பார்க்கக் கற்றுத்தரும் பள்ளி. அங்கே படித்தவர்கள் ஜெர்மன் கப்பல்களில் ஏறினார்கள். அடுத்த இதழில் அவர்களோடு கடலுக்குப் போவோம்.